மாதிரி ரயில் ஏன் நடுவழியில் நிற்கிறது?

மாணவர்களே! தருமபுரி மாவட்டத்தில் ஒரு காலத்தில் ஒரு சின்ன ரயில் ஓடிற்று. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் திறக்கப்பட்ட அந்தப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே இரண்டரை அடி இடைவெளிதான். 1913-இல் அது ஓசூர் வரை நீட்டப்பட்டது. 1941-இல், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், மூடப்பட்டது.

உங்கள் வகுப்பில் நாலைந்து பேர் சேர்ந்து, பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக அந்தப் பழைய ரயிலின் மாதிரி ஒன்றை அமைப்பதாக வைத்துக்கொள்வோம். அட்டையில் மொரப்பூர் நிலையம். பச்சைச் சாயமிட்ட மரத்தூளில் வயல்கள். பலகையின் மேல் உலோகத் தண்டவாளம். அமைத்து முடித்த அன்று ரயில் ஜோராக ஓடுகிறது. பத்து நாள் கழித்துக் கண்காட்சி நாளன்று பொத்தானை அழுத்துகிறீர்கள். வண்டி இரண்டடி ஓடுகிறது, திணறுகிறது, நின்றுவிடுகிறது. விரலால் தள்ளினால் மீண்டும் ஓடுகிறது, மறுபடியும் நிற்கிறது.

மோட்டார் கெட்டுவிட்டதா? பேட்டரி தீர்ந்துவிட்டதா? ஸ்க்ரூ டிரைவரைத் தேடும் முன் வேறொன்று செய்யுங்கள். வெள்ளைத் துணி ஒன்றை விரலில் சுற்றித் தண்டவாளத்தின் மேற்புறத்தில் ஓட்டிப் பாருங்கள். துணியில் கறுப்புக் கோடு விழுகிறதல்லவா? குற்றவாளி பெரும்பாலும் அதுதான்.

கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்த மெல்லிய படலம் ஒரு ரயிலை எப்படி நிறுத்துகிறது? அதை எப்படி அகற்றுவது? இதே போன்ற படலம் உண்மையான ரயில் பாதையில் படிந்தால் என்ன ஆகும்? கடைசிக் கேள்வி விளையாட்டல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. முதலில் மாதிரி ரயிலிலிருந்து தொடங்குவோம்.

தண்டவாளமே மின்கம்பி

பொம்மை ரயில்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வண்டிக்குள்ளேயே பேட்டரி வைத்தது. அதற்குப் பிளாஸ்டிக் தண்டவாளமே போதும். மற்றொன்று, தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுப்பது. உண்மை ரயிலை அளவு பிசகாமல் சிறிதாக்கிச் செய்யும் மாதிரி ரயில்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. புனே நகரில் 1998 முதல் இயங்கிவரும் ஜோஷி சிறு ரயில் அருங்காட்சியகத்தில் இத்தகைய ரயில்களைக் காணலாம். உலகெங்கும் பரவலாக உள்ள 'எச்ஓ' என்னும் அளவில் வண்டிகள் உண்மையைவிட 87 மடங்கு சிறியவை. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர்.

இந்த வகையில் இரு தண்டவாளங்களும் இரு மின்கம்பிகளாக வேலை செய்கின்றன. ஒன்று நேர்முனை, மற்றொன்று எதிர்முனை. இரண்டுக்கும் இடையே 12 வோல்ட் அளவு மின்னழுத்தம் தரப்படுகிறது. இடப்புறச் சக்கரங்களும் வலப்புறச் சக்கரங்களும் ஒன்றோடொன்று மின்தொடர்பு இல்லாமல் காப்பிடப்பட்டிருக்கும். மின்னோட்டம் ஒரு தண்டவாளத்திலிருந்து அப்புறச் சக்கரத்தின் வழியாக ஏறி, மோட்டாருக்குள் சென்று, மறுபுறச் சக்கரத்தின் வழியாக இறங்குகிறது.

வீட்டு மின்சுற்றில் கம்பிகளைத் திருகாணி கொண்டு இறுக்குகிறோம். இங்கே இறுக்கும் திருகாணி எதுவும் இல்லை. உருண்டு கொண்டேயிருக்கும் ஒரு சக்கரம், தன் எடையால் மட்டும் அழுத்தி, மின்சுற்றை மூடி வைத்திருக்க வேண்டும். சங்கிலியில் நலிந்த கண்ணி எதுவென்று இப்போது தெரிகிறதல்லவா?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 12 வோல்ட்டில் மோட்டார் 0.3 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கிறது என்க. ஓம் விதிப்படி அதன் மின்தடை 40 ஓம். (சுழலும் மோட்டார் வெறும் மின்தடை அல்ல, ஆனால் நம் கணக்குக்கு இது போதும்.) சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடத்தில் 1 ஓம் தடை இருந்தால் மோட்டாருக்குக் கிடைப்பது சுமார் 11.7 வோல்ட். வேறுபாடு தெரியாது. அதே இடத்தில் 20 ஓம் தடை ஏற்பட்டால் மோட்டாருக்கு 8 வோல்ட்தான் கிடைக்கும். வண்டி தளர்ந்து ஓடும். 40 ஓம் ஆனால் 6 வோல்ட், வண்டி திணறும். தொடர்பு முழுவதும் அறுந்தால் நின்றுவிடும். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, 'தொடும் இடத்தில் எவ்வளவு தடை?' என்பதே.

தொடும் இடம் எவ்வளவு பெரியது?

பளபளப்பாக மெருகேற்றிய உலோகம் நம் விரலுக்கு வழவழப்பாக இருக்கிறது. நுண்ணோக்கி வழியே பார்த்தால் அது மேடும் பள்ளமுமாகக் காட்சி தரும். வத்தல் மலையை அப்படியே பெயர்த்து, தலைகீழாகக் கவிழ்த்து, சித்தேரி மலைமேல் வைத்ததாகக் கற்பனை செய்யுங்கள். இரு மலைகளும் எங்கெல்லாம் தொடும்? சில சிகரங்களில் மட்டுந்தான். நடுவில் எங்கும் வெற்றிடமே. இரண்டு உலோகங்கள் தொடுவதும் இப்படித்தான்.

இதை வெறும் கற்பனையாக விடாமல் அளந்து காட்டியவர்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பௌடன், டேபர் என்ற இரு அறிஞர்கள். தொடும் இடத்தின் வழியே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைக் கொண்டே, உண்மையில் தொடும் பரப்பை அவர்கள் மதிப்பிட்டு 1939-இல் வெளியிட்டார்கள். உண்மைத் தொடுபரப்பு, கண்ணுக்குத் தெரியும் பரப்பைவிட மிகமிகச் சிறியது. அது அழுத்தும் விசையைப் பொறுத்துக் கூடுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

சிகரங்கள் நசுங்குகின்றன, சுமையைத் தாங்கும் அளவுக்குப் பரப்புக் கிடைத்ததும் நசுங்குவது நின்றுவிடுகிறது. எனவே, அழுத்தும் விசையை உலோகத்தின் கடினத்தன்மையால் வகுத்தால் உண்மைத் தொடுபரப்பு தோராயமாகக் கிடைக்கும். நம் மாதிரி எஞ்சினின் எடை 320 கிராம், அதற்குச் சக்கரங்கள் 8 என்க. ஒரு சக்கரத்தின் பங்கு 40 கிராம். விசையாகச் சொன்னால் ஏறத்தாழ 0.4 நியூட்டன். தண்டவாள உலோகத்தின் கடினத்தன்மை ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 1500 நியூட்டன். 0.4-ஐ 1500-ஆல் வகுத்தால் 0.00027 சதுர மில்லிமீட்டர்! இதை ஒரே சதுரமாகத் திரட்டினால் அதன் பக்கம் 0.016 மில்லிமீட்டர். நம் தலைமயிரின் தடிப்பு சுமார் 0.07 மில்லிமீட்டர். அதாவது மயிரின் தடிப்பில் கால்பங்குகூட இல்லாத ஒரு புள்ளி வழியாகத்தான் மோட்டாருக்கு வேண்டிய மின்சாரம் பாய்கிறது.

மயிரிழையைவிடச் சிறிய வாசலை அடைக்க எவ்வளவு தூசு வேண்டும்? ஒரு துணுக்குப் போதும்.

கறுப்பு எங்கிருந்து வருகிறது?

துணியில் விழுந்த கருங்கோடு ஒரே பொருளால் ஆனதல்ல. அதில் பல பங்காளிகள் உண்டு.

முதலாவது, ஆக்சைடுப் படலம். உலோகத்தின் மேற்பரப்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து படலமாகிறது. இரும்பில் இது துரு. அலுமினியத்தில் கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலம். ஆனால் அது நல்ல மின்காப்புப் பொருள். அலுமினியத் தாளை வெட்டித் தண்டவாளமாக ஒட்டுபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். பித்தளையும் நாளடைவில் மங்கும். இக்காரணத்தால் நல்ல மாதிரித் தண்டவாளங்களை 'ஜெர்மன் சில்வர்' என்ற கலப்பு உலோகத்தில் செய்கிறார்கள். பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பவை செம்பு, நிக்கல், துத்தநாகம் மட்டுமே. இது மெதுவாகவே மங்கும்.

இரண்டாவது, எண்ணெய். பற்சக்கரங்களுக்கு விட்ட எண்ணெய் வழிந்து சக்கரத்தை அடைகிறது. நம் விரல் ரேகையிலும் எண்ணெய்ப் பசையும் உப்பும் உண்டு. மூன்றாவது, தூசு. எண்ணெய் இல்லாத இடத்தில் தூசு ஊதினால் பறந்துவிடும். எண்ணெய் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். வண்டிகளுக்குப் பிளாஸ்டிக் சக்கரம் இருந்தால் தண்டவாளத்திலுள்ள பசையும் தூசும் அதில் ஒட்டிக் கெட்டியாகின்றன. பிறகு ஒரு சுற்று ஓடுவதற்குள் பாதை நெடுகப் பரவுகின்றன.

நான்காவதுதான் முக்கியமானது: மின்பொறி. அறையை இருட்டாக்கி ஓடும் எஞ்சினைக் கவனியுங்கள். சக்கரங்களுக்கு அடியில் நீலநிறப் பொறிகள் மின்னுவதைக் காணலாம். மோட்டாருக்குள் இருப்பது கம்பிச்சுருள். சுருளில் பாயும் மின்னோட்டத்தைத் திடீரென நிறுத்த முயன்றால், அது நிற்க மறுத்து, அறுந்த இடத்தில் உயர்ந்த மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கிறது. காற்றிடைவெளியைத் தாவிப் பொறி பறக்கிறது. அந்தப் பொறியின் சூட்டில் எண்ணெய் கருகிக் கரியாகிறது, உலோகம் ஆக்சைடாகிறது, மேற்பரப்பில் நுண்ணிய குழிகள் விழுகின்றன. குழிகளில் மேலும் அழுக்குச் சேர்கிறது. தொடர்பு மேலும் அறுகிறது. பொறி மேலும் பறக்கிறது. அழுக்கு அழுக்கைப் பெருக்குகிறது. பத்து நாளுக்கு முன் நன்றாக ஓடிய வண்டி திடீரென நோயாளியானதன் மர்மம் இதுதான்.

செய்து பாருங்கள்

தேவையானவை: 1.5 வோல்ட் மின்கலம் இரண்டு, பழைய வகை டார்ச் பல்பு ஒன்று, இணைப்புக் கம்பி, துருப்பிடித்த ஆணி இரண்டு, புது ஆணி இரண்டு, 50 கிராம் எடைக்கல் ஒன்று. எல்.இ.டி. வேண்டாம். அது மிகச் சிறிய மின்னோட்டத்திலேயே ஒளிர்ந்துவிடும். தடை கூடியிருப்பதை மறைத்துவிடும்.

மின்கலங்கள், பல்பு, இரண்டு ஆணிகள் ஆகியவற்றை ஒரே தொடராக இணையுங்கள். இணைப்புக் கம்பியைச் சுற்றும் முனைகளில் மட்டும் துருவைச் சுரண்டிவிடுங்கள். இரு ஆணிகளும் ஒன்றையொன்று குறுக்காக, கூட்டல் குறிபோல் தொட வேண்டும்.

முதலில் புது ஆணிகளை மெல்ல வைத்துப் பாருங்கள், பல்பு எரியும். அடுத்துத் துருப்பிடித்த ஆணிகளை வையுங்கள். பல்பு எரியாது, அல்லது மங்கலாக மினுக்கும். குறுக்குமிடத்தின் மேல் 50 கிராம் எடைக்கல்லை ஏற்றுங்கள். பிறகு கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள். என்ன மாறுகிறது? கடைசியாக, அழுத்தியபடியே ஓர் ஆணியை முன்னும் பின்னும் தேயுங்கள். துரு உதிர்ந்து உலோகம் உலோகத்தைத் தொட்டதும் பல்பு சட்டென்று ஒளிரும்.

இதிலிருந்து மூன்று பாடங்கள் கிடைக்கின்றன. படலம் மின்சாரத்தைத் தடுக்கிறது. அழுத்தம் கூடினால் தடை குறைகிறது. உரசல் படலத்தை நீக்குகிறது. இந்த மூன்றும் பின்னால் பெரிய ரயிலிலும் வரப்போகின்றன, மறந்துவிடாதீர்கள்.

எப்படித் துடைப்பது?

அழுக்கு என்றதும் உப்புத்தாளைக் கொண்டு தேய்க்கத் தோன்றும். தேய்த்தவுடன் வண்டி ஓடவும் செய்யும். ஆனால் உப்புத்தாள் தண்டவாளத்தில் நூற்றுக்கணக்கான கீறல்களை விட்டுச்செல்கிறது. ஒவ்வொரு கீறலும் அழுக்கு குடியேறும் ஒரு வாய்க்கால். அடுத்த முறை இன்னும் விரைவில் கறுக்கும். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரும் ஆகாது. அதன் நுண்ணிய இழைகள் ஒடிந்து, மோட்டாரிலுள்ள காந்தத்தால் ஈர்க்கப்பட்டு உள்ளே போய், மின்சுற்றைக் குறுக்கிவிடும்.

சரியான முறை எளியது.

முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். துவைத்துக் காய்ந்த பழைய வேட்டித் துணி நல்லது. அதில் பிசிறு உதிராது. உலர்ந்த துணியால் தூசைத் துடையுங்கள். அடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்ற திரவத்தில் சில சொட்டுகளைத் துணியில் விட்டுத் தண்டவாளத்தின் மேற்புறத்தையும் உள்விளிம்பையும் துடையுங்கள். மின்னணுப் பழுதுபார்ப்போரிடம் இது இருக்கும். துணியின் புதிய பகுதியை மாற்றி மாற்றி, கருங்கோடு விழாத வரை துடைக்க வேண்டும். பிடிவாதமான கறைகளுக்கு மட்டும் பென்சில் அழிக்கும் மென்மையான ரப்பரைப் பயன்படுத்தலாம். மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் வேண்டாம்.

இந்தத் திரவம் எளிதில் தீப்பற்றும். அதன் ஆவி இருக்கும்போது மின்பொறி பறந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே சன்னலைத் திறந்து வையுங்கள், ஆசிரியர் உடனிருக்கட்டும், எல்லாம் நன்றாக உலரும் வரை மின்சாரத்தைத் திறக்காதீர்கள்.

தண்டவாளத்தை மட்டும் துடைத்து, சக்கரங்களை விட்டுவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. சக்கரம் ஒரு முத்திரைக்கட்டை போன்றது. தன் அழுக்கை ஒவ்வொரு சுற்றிலும் தண்டவாளத்தில் பதித்துக்கொண்டே போகும். எஞ்சினை மெத்தென்ற துணிமேல் தலைகீழாகக் கிடத்துங்கள். ஆல்கஹால் தொட்ட துணியால், சக்கரத்தை விரலால் சுழற்றிச் சுழற்றித் துடையுங்கள். உலர்ந்த பிறகு மெருகேற்ற ஒரு நல்ல வழி உண்டு. தண்டவாளத்தின் குறுக்கே உலர்ந்த துணித் துண்டு ஒன்றை விரியுங்கள். எஞ்சினின் முன்சக்கரங்கள் துணிமேலும் பின்சக்கரங்கள் தண்டவாளத்தின் மேலும் இருக்கும்படி பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுங்கள். பின்சக்கரங்கள் மின்சாரத்தை எடுத்துத் தர, முன்சக்கரங்கள் துணியில் சுழன்று தம்மைத் தாமே துடைத்துக்கொள்ளும். பிறகு எஞ்சினைத் திருப்பி வைத்து மறுபக்கத்தையும் செய்யுங்கள். துணி உலர்ந்திருக்க வேண்டும் என்பதை மீண்டும் நினைவூட்டுகிறேன்.

இனி, அழுக்கு சேராமல் தடுப்பது. எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஊற்றாமல், ஊசி முனையில் தொட்டு அச்சில் மட்டும் வையுங்கள். தண்டவாளத்தின் மேற்புறத்தை விரலால் தொடாதீர்கள். ஓட்டாத நேரங்களில் துணி போட்டு மூடுங்கள். பிளாஸ்டிக் சக்கரங்களை மாற்ற முடிந்தால் உலோகச் சக்கரங்களாக மாற்றுங்கள். கண்காட்சியில் மணிக்கு ஒருமுறை உலர்ந்த துணியால் துடையுங்கள். அடிக்கடி ஓடும் வண்டி தானே தண்டவாளத்தை மெருகேற்றிக்கொள்ளும். பத்து நாள் சும்மா கிடந்ததுதான் அதிகம் தகராறு செய்யும்.

எட்டுச் சக்கரம் எதற்கு?

நல்ல மாதிரி எஞ்சின்களில் எல்லாச் சக்கரங்களும் மின்சாரத்தை எடுக்கும். இதன் பயனைக் கணக்கால் பார்க்கலாம். ஒரு சக்கரம் பத்தில் ஒரு தடவை தொடர்பை இழக்கிறது என்க. ஒரு பக்கத்தில் ஒரே சக்கரம் இருந்தால் தொடர்பு அறுவது 10-இல் 1 தடவை. இரண்டு சக்கரம் இருந்தால், இரண்டும் ஒரே கணத்தில் கைவிட்டால்தான் அறும். அது 100-இல் 1. நான்கு சக்கரம் இருந்தால் 10,000-இல் 1. ஒரே இடத்து அழுக்கு எல்லாச் சக்கரங்களையும் ஒருசேரப் பாதிக்காது என்று இங்கே கொள்கிறோம். இன்றைய எஞ்சின்கள் சிலவற்றில் மின்தேக்கி ஒன்றையும் வைக்கிறார்கள். தொடர்பு அறும் கணத்தில் அது தன் சேமிப்பைக் கொடுத்து மோட்டாரை ஓட்டுகிறது. ஆனால் இவையெல்லாம் துடைப்பதற்கு மாற்றல்ல. துடைக்க மறந்தவருக்குக் கிடைக்கும் சிறு அவகாசந்தான்.

பெரிய ரயிலில் இதே படலம்

இப்போது உண்மையான ரயிலுக்கு வருவோம். மேலே செல்லும் கம்பியிலிருந்து மின்சாரத்தை எடுக்கும் எஞ்சினுக்குத் தண்டவாளச் சுத்தம் எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு காரணம், சிக்னல்.

ஒரு பாதைத் துண்டில் வண்டி நிற்கிறதா இல்லையா என்பதை நிலைய அதிகாரிக்குச் சொல்வது எது? பல இடங்களில் 'ட்ராக் சர்க்யூட்' எனப்படும் தண்டவாள மின்சுற்று. அமெரிக்காவைச் சேர்ந்த வில்லியம் ராபின்சன் 1872-இல் இதன் இன்றைய வடிவத்துக்கு உரிமம் பெற்றார். பாதையை, மின்காப்பிட்ட துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒரு துண்டின் ஒரு முனையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே சில வோல்ட் மின்னழுத்தம். மறுமுனையில் ஒரு ரிலே. பாதை காலியாக இருந்தால் மின்னோட்டம் தண்டவாளம் வழியே சென்று ரிலேயைத் தூக்கி நிறுத்துகிறது. 'பாதை காலி' என்று பொருள். வண்டி வந்தால் அதன் சக்கரங்களும் இரும்பு அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடுகின்றன. மின்னோட்டம் குறுக்கு வழியில் திரும்பிவிட, ரிலே விழுகிறது, சிக்னல் சிவப்பாகிறது.

இதன் அழகைக் கவனியுங்கள். பேட்டரி தீர்ந்தாலும், கம்பி அறுந்தாலும், தண்டவாளமே முறிந்தாலும் ரிலே விழும், சிவப்புதான் எரியும். எந்தக் கோளாறு வந்தாலும் வண்டியை நிறுத்தும் பக்கமே சாயும்படி அமைக்கப்பட்டது இது.

ஆனால் ஒரு கோளாறு மட்டும் எதிர்ப்பக்கம் சாயும். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே துருவோ, நசுங்கிய இலைப் பசையோ, மணலோ படலமாக நின்றால், அச்சு இரு தண்டவாளங்களையும் இணைக்காது. ரிலே விழாது. வண்டி அங்கேயே நின்றாலும் 'பாதை காலி' என்று கருவி சொல்லும்! உங்கள் மாதிரி ரயில் நின்றுபோனால் கைதட்டல் குறையும், அவ்வளவுதான். இங்கே அதே படலம் ஒரு முழு ரயிலை மறைத்துவிடுகிறது.

இந்திய ரயில்வேயின் நேர்மின்னோட்டத் தடச்சுற்றுகளில், இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே 0.5 ஓம் தடையை வைத்தாலே ரிலே விழ வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் போகாதபடி சக்கரங்களின் தொடுதடை இருந்தாக வேண்டும். பொதுவாக இது கடினமன்று. நம் பாதைகளில் ஓடும் டபிள்யூ.ஏ.பி.-7 எஞ்சினின் எடை 123 டன், சக்கரங்கள் 12. ஒவ்வொரு சக்கரமும் 10 டன்னுக்கு மேல் அழுத்துகிறது. அதைத் தாங்கும் தொடுபரப்போ கட்டைவிரல் நகத்தளவுதான். அந்த அழுத்தத்தில் மெல்லிய படலம் நொறுங்கிவிடும். ஆணிச் சோதனையில் கட்டைவிரலால் அழுத்தியது நினைவிருக்கிறதா? ஆனால் வண்டிகள் அரிதாகவே செல்லும் பாதையில் துரு தடித்துவிடும். அங்கே எடை குறைந்த வண்டி வந்தால் தொல்லைதான்.

உரசலுக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பழைய வண்டிகளில் பிரேக் கட்டை சக்கரத்தின் விளிம்பையே அழுத்தி உரசும்; ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் சக்கரம் துடைக்கப்படும். பிரிட்டனில் 1990-இல் ஓடத் தொடங்கிய 158 என்னும் வகை டீசல் வண்டிகளில் டிஸ்க் பிரேக் வைத்தார்கள். பிரேக் நன்றாகப் பிடித்தது. ஆனால் சக்கர விளிம்பை உரச எதுவும் இல்லை. படலம் தங்கிற்று, சில தடச்சுற்றுகளில் வண்டி இருப்பது சரியாகத் தெரியவில்லை. படலத்தின் தடையைத் தகர்க்கத் தனிக் கருவி ஒன்றை அந்த வண்டிகளில் பொருத்த வேண்டியதாயிற்று.

அழுக்கைச் சாராத மாற்றுவழியும் உண்டு. 'ஆக்ஸில் கவுன்ட்டர்' என்ற கருவி, பாதைத் துண்டுக்குள் எத்தனை அச்சுகள் நுழைந்தன, எத்தனை வெளியேறின என்று காந்தப்புலத்தைக் கொண்டு எண்ணுகிறது. இரண்டும் சமமானால் பாதை காலி. தொடுதலே இல்லை, ஆகவே துருவால் பாதிப்பில்லை. இந்தியாவிலும் இது பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் தண்டவாளம் முறிந்தால் இதற்குத் தெரியாது. ஒவ்வொரு முறைக்கும் ஒரு பலம், ஒரு பலவீனம்.

பிடிமானமும் போகும்

படலம் கெடுக்கும் இரண்டாவது வேலை, சக்கரத்தின் பிடிமானம். உலர்ந்த எஃகுக்கும் எஃகுக்கும் இடையே உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.3. ஈரமான இலைப் பசை படிந்தால் அது 0.05-க்கும் கீழே போகலாம். பிரேக் போட்டாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். 2021 அக்டோபர் 31 அன்று இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகருக்கருகே இப்படித்தான் ஒரு ரயில் சிவப்பு சிக்னலைத் தாண்டி வழுக்கிச் சென்று, குறுக்கே வந்த மற்றொரு ரயில்மேல் மோதிற்று. ஓட்டுநர் படுகாயமடைந்தார். இலைப் பசையும் தூறலும் சேர்ந்து பிடிமானத்தைக் கெடுத்தன என்று விசாரணை கண்டது.

நம் நீலகிரி மலை ரயிலில் மிகச் செங்குத்தான ஏற்றம் 12.28-க்கு 1, அதாவது ஏறத்தாழ 0.08. வண்டித் தொடரின் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு எஞ்சினுடையது என்றால், ஏறுவதற்கு மட்டும் 0.24 உராய்வுக் குணகம் வேண்டும். மழைக்காட்டில் இதை எப்படி நம்புவது? அதனால்தான் கல்லாறு முதல் குன்னூர் வரை பல்வரிசைத் தண்டவாளம் ஒன்றை நடுவில் பதித்து, பற்சக்கரத்தால் ஏறும்படி செய்தார்கள்.

சாதாரணப் பாதைகளில் எஞ்சின்கள் வழுக்கும்போது சக்கரத்தின் முன் மணலைத் தூவுகின்றன. பிடிமானம் கூடும். ஆனால் மணல் மின்சாரத்தைக் கடத்தாது. அளவுக்கு மீறித் தூவினால் தடச்சுற்றுக்கு வண்டி தெரியாமல் போகலாம். ஒன்றுக்கு மருந்து, மற்றொன்றுக்கு நோய்.

நடைமேடையிலிருந்து பாருங்கள்

அடுத்த முறை மொரப்பூர் நிலையத்திற்கோ தருமபுரி நிலையத்திற்கோ போனால், நடைமேடையில் நின்றபடியே தண்டவாளங்களைக் கவனியுங்கள். விரைவு வண்டிகள் ஓடும் பாதையின் மேற்புறம் கண்ணாடிபோல் மின்னும். அதே தண்டவாளத்தின் பக்கவாட்டில் துரு. அதிகம் பயன்படாத பாதை இருந்தால் அதன் மேற்புறமும் பழுப்பாக இருக்கும். எந்தப் பாதையில் எவ்வளவு போக்குவரத்து என்பதைக் கால அட்டவணை இல்லாமலே சொல்லிவிடலாம். ஆனால் ஒருபோதும் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். அதன்மேல் எதையும் வைக்காதீர்கள். அந்தப் பளபளப்புக்கு எத்தனையோ பேருடைய உயிர் கட்டுப்பட்டிருக்கிறது.

சிந்தியுங்கள்

1. நம் 320 கிராம் எஞ்சினில் 160 கிராம் ஈயக்கட்டியை ஏற்றினால் உண்மைத் தொடுபரப்பு எத்தனை மடங்காகும்?

2. ஒரு சக்கரம் ஐந்தில் ஒரு தடவை தொடர்பை இழக்கிறது. ஒரு பக்கத்தில் மூன்று சக்கரங்கள் இருந்தால் தொடர்பு அறுவது எத்தனையில் ஒரு தடவை?

3. தண்டவாளம் முறிந்ததைத் தடச்சுற்று கண்டுபிடிக்கிறது. ஆக்ஸில் கவுன்ட்டரால் முடியவில்லை. ஏன்?

விடைகள்: 1. ஒன்றரை மடங்கு. 2. 125-இல் 1. 3. தடச்சுற்றில் தண்டவாளமே மின்கம்பி. முறிந்தால் மின்னோட்டம் நின்று ரிலே விழும். ஆக்ஸில் கவுன்ட்டர் இரு முனைகளிலும் அச்சுகளை எண்ணுவதோடு சரி. நடுவில் தண்டவாளத்துக்கு என்ன ஆயிற்று என்று அது பார்ப்பதில்லை.